அன்னப்படகு இழுத்த ஏலத்தட்டை

கழிமுகப் பகுதிக்குப் பணி ஆணை பெற்றிருக்கும் நீங்கள் மூவரும் சென்ற கிழமை போடிக்கு வந்து என்னைக் கண்டபோது ஒரு வினா எழுப்பினீர்கள். உல்லாசப் படகு நடத்துவோர் தம் படகுகளைக் கட்டிவைக்க அலையடங்கிய இடம் கேட்கிறார்கள். அதே இடத்தில்தான் மட்டி அள்ளிப் பிழைப்போர் நெடுங்காலமாக மட்டி அள்ளுகிறார்கள். நாங்கள் யார் பக்கம் நிற்பது என்று கேட்டீர்கள். நான் விடை சொல்லத் தொண்டையைச் செருமிக்கொள்வதற்குள் மதுரைத் தொடர்வண்டிக்கு நேரமாகிவிட்டது. ஆகவே எழுத்தில் சொல்கிறேன்.

கடலோரத்தில் நான் மிகுதியும் பணியாற்றியவனல்லன். மீன்வளத்துறையில் என் காலத்தின் பெரும்பகுதி இந்த மலையடியில்தான் கழிந்தது. ஆயினும் உங்கள் வினாவை ஒரு முறை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறேன். அங்கே மட்டி, இங்கே இறால். இரண்டும் ஓடுடைய உயிர்கள். இரண்டும் தூய நீரும் தொல்லையற்ற இடமும் வேண்டுபவை. படகுகளோ எங்கும் ஒரே குணமுடையவை. காற்று மறைந்த இடம் எதுவோ அதுவே அவற்றுக்கும் பிடிக்கும்.

போடிக்கு மேற்கே, குரங்கணிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு வழியில் சிறு நீர்த்தேக்கம் ஒன்று உண்டு. ஊரார் மேலணை என்பர். அதன் மேற்கு மூலையில் மலையோடை ஒன்று வந்து கலக்கும். நாணல் அடர்ந்த அந்த மூலையில் நீர் இடுப்பளவே நிற்கும். நம் துறை வளர்ப்புக்கு விடும் ஆற்று இறால் குஞ்சுகள் அணை முழுவதும் மேய்ந்து திரிந்தாலும், ஓடு கழற்றும் வேளை வந்தால் நாணல் மூலைக்கே வந்து ஒளியும். புது ஓடு இறுகும்வரை அதன் உடல் வெண்ணெய்போல் இருக்கும். அந்நேரத்தில் கெண்டைகூட அதற்குப் புலிதான்.

அங்குள்ள மீனவர் கூட்டுறவினர் இறாலுக்கு ஒளிவிடம் அமைக்கும் முறையை வேறெங்கும் நான் கண்டதில்லை. மலைமேல் ஏலத்தோட்டங்களில் ஆண்டுதோறும் கவாத்து செய்யும்போது முதிர்ந்த தண்டுகளை வெட்டிக் கழிப்பார்கள். அதற்குத் தட்டை என்று பெயர். தோட்டவேலைக்கு ஆளேற்றிச் சென்ற ஜீப்புகள் மாலையில் இறங்கும்போது கூரைமீது தட்டையையும் ஏற்றிவரும். அதனைக் கரையோர மரத்தடியில் ஒரு மழைக்காலம் முழுதும் கிடக்கவிட்டு, பிறகு கட்டுக்கட்டாகக் கட்டிக் கல்லோடு நீரில் அமிழ்த்துவார்கள். இறால்கள் அதற்குள் குடிபுகும். ஏன் மழையில் கிடக்கவிடுகிறீர்கள் என்று கேட்டால், "பச்சையாப் போட்டா நாறும் சார்" என்பார்கள். அந்த விடை பாதி உண்மை. மறுபாதி பின்னால் வரும்.

கூட்டுறவின் தலைவர் பேச்சியம்மாள். நிமிர்ந்த நடை, எவரையும் நேரே பார்த்துப் பேசும் இயல்பு. ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் அவருடைய மருமகன் தங்கப்பாண்டி. ராசிங்காபுரத்துக்காரர், போடிமெட்டுக்கு ஜீப்பு ஓட்டியவர், முதுகு நோகத் தொடங்கியபின் அதனை விட்டுவிட்டு, மேலணையில் சுற்றுலாப் படகு விடும் உரிமையைப் பெற்றவர். இரண்டு பொறிப்படகுகளும், அன்ன வடிவில் சில மிதிபடகுகளும் வைத்திருந்தார். அந்த அன்னங்களை மீனவர்கள் வாத்து என்றே அழைத்தார்கள். அவற்றின் கழுத்தைப் பார்த்தவர் எவரும் மறுத்துரைக்க இயலாது.

தங்கப்பாண்டி உறவுக்குள் எடுத்த மருமகன் அல்லர், புதுச் சம்பந்தம். அப்படிப்பட்ட மருமகனோடு மாமியார் நேரே பேசுவது இங்குப் பல குடும்பங்களில் வழக்கமில்லை. அது பகையன்று, மரியாதை. நடுவில் ஒருவர் நிற்க வேண்டும். சொல் அவர் வழியாகப் போய்வர வேண்டும். வீட்டில் அந்த நடுவர் மகள் சரண்யா. படகு கட்டும் இடம்பற்றி விசாரணை என்று நான் கூட்டிய பங்குனி மாதத்துக் கூட்டத்தில், அந்தப் பதவி எனக்கு வாய்த்தது.

இருவரும் கைக்கெட்டும் தொலைவில் நின்றார்கள். பேச்சியம்மாள் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"சார், அவுககிட்டச் சொல்லுங்க. நாணல் மூலையில படகக் கட்டிப்புட்டா எறாலு எங்க போயி ஓடு கழட்டும்? எங்க வீட்டு அடுப்படியிலயா?"

தங்கப்பாண்டியும் என்னைப் பார்த்தே சொன்னார்:

"சார், அத்தைகிட்டச் சொல்லுங்க. கெழக்குக் கரையில கட்டுனா ஆடிக்காத்துக்கு அது படகா இருக்காது. வெறகா இருக்கும்."

"வெறகானா நல்லதுதான், ஆக்கித் திங்கலாம்னு சொல்லுங்க சார்."

"அத்தை கையால ஆக்குனா எதுல ஆக்குனாலும் திம்பேன்னு சொல்லுங்க சார்."

கூட்டம் சிரித்தது. பேச்சியம்மாள் சிரிக்காமலிருக்க மலையைப் பார்த்தார். நான் வலமும் இடமுமாகக் கழுத்தைத் திருப்பித் திருப்பி, மாலையில் வீட்டுக்குப் போய்த் தைலம் தேய்த்துக்கொண்டேன்.

அன்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. பங்குனியில் மேலணை கண்ணாடிபோல் கிடக்கும். படகை எங்குக் கட்டினாலும் நிற்கும். இறால் எங்கிருந்தாலும் இருக்கும். வழக்கின் வலி தெரியாத பருவத்தில் வழக்கைத் தீர்ப்பது காய்ச்சல் தணிந்தபின் நாடி பார்ப்பதைப் போன்றது. "ஆடியில் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். துறை நாள் கடத்துகிறது என்று இரு தரப்பும் ஒற்றுமையாக என்னைத் திட்டின. அவர்கள் ஒன்றுபட்ட முதற் செய்தி அது.

ஆடியில் போனேன். மலைக்கணவாய் வழியே இறங்கிய காற்றில் குடையைக் கைவிட்டேன். அது ஓர் ஊரைத் தாண்டியிருக்கும். அந்தக் காற்றில் நின்று பார்த்தபோதுதான் இருவர் பேச்சும் முழு உண்மை என்று விளங்கிற்று. கிழக்குக் கரையில் அலை பாறையைக் குத்திக்கொண்டிருந்தது; நாணல் மூலையில் தாமரை இலைகூட ஆடவில்லை. ஆனால் பங்குனியில் எவர் கண்ணுக்கும் படாத ஒன்றும் அன்று புலப்பட்டது. நாணல் மூலையின் வாயிலில் ஒரு பாறைத் திட்டு உண்டு. அதன் பின்புறத்தில், அணையின் ஆழமான பக்கத்தில், ஒடுங்கிய கீற்றுப்போல நீர் அமைதியாகக் கிடந்தது. படகுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டினால் அந்த இடம் போதாது. ஒன்றன் பின் ஒன்றாக வரிசையில் கட்டினால் போதும். பொறியை அணைத்துவிட்டுக் கழியால் தள்ளித்தான் உள்ளே வர வேண்டும் என்று விதித்தேன்.

"பாறைக்கு அந்தப் பக்கம் அவுக பாடு," என்றார் பேச்சியம்மாள் என்னிடம். "இந்தப் பக்கம் ஒரு கயிறு வந்தாலும் அறுத்துப்புடுவேன்னு சொல்லுங்க சார்."

"அறுக்க வேண்டிய சோலியே வராதுன்னு சொல்லுங்க சார்," என்றார் தங்கப்பாண்டி.

ஓராண்டு அப்படியே நன்றாக ஓடிற்று. சனி, ஞாயிறுகளில் குரங்கணிக்கு மலையேற வந்தவர்கள் இறங்கும்போது மேலணையில் அன்னம் மிதித்துக் கால்வலியை இருமடங்காக்கிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இறால்கள் செழித்தன. அடுத்த வைகாசியில் சரண்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

மகிழ்ச்சியான செய்திதான், ஆனால் நடுவர் பதவி காலியாயிற்று. பிள்ளை பெற்றவளைத் தொல்லை செய்யக்கூடாது என்று இருவருமே அவளிடம் எதையும் சொல்லவில்லை. அவர்கள் சொற்களெல்லாம் என் கைப்பேசியை நாடி வந்தன. "சார், தொட்டிலுக்குக் கம்பு வாங்கியாச்சான்னு அத்தைகிட்டக் கேட்டுச் சொல்லுங்க," என்பார் தங்கப்பாண்டி. "வீட்டுல இருக்குன்னு அவுககிட்டச் சொல்லிப்புடுங்க சார்," என்பார் பேச்சியம்மாள். மீன்வளத்துறையின் கடமைகளுள் தொட்டிற்கம்பு அடங்குமா என்று நான் ஆராயவில்லை. எடுத்துச் சொன்னேன். ஆனால் எல்லாச் சொற்களும் என்னிடம் வரவில்லை என்பது ஆனி மாதத்து ஒரு காலைப்பொழுதில் தெரிந்தது.

அறுவடைக்குச் சில நாட்களே இருந்தன. விடிந்து வெயில் ஏறும் வேளையில் கூட்டுறவிலிருந்து அழைப்பு வந்தது. நாணல் மூலையில் இறால்கள் கரையேறித் துள்ளிச் சாகின்றன என்றார்கள். என் ஈருருளி சென்று நின்றபோது, கூட்டுறவின் குடும்பங்கள் அனைத்தும் கரையில் திரண்டிருந்தன. ஓராண்டு உழைப்பு அவர்கள் கண்முன் துடித்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் கையில் அரிவாளோடு பாறைத் திட்டின்மேல் நின்றார். படகுகளின் கட்டுக்கயிறு அவர் காலடியில் இருந்தது.

"சார், அவுககிட்டச் சொல்லுங்க. டீசலக் கசியவிட்டு எங்க பொழப்பக் கெடுத்துப்புட்டாக. கயித்த அறுக்கப் போறேன். படகு எங்கிட்டாச்சும் போகட்டும்."

தங்கப்பாண்டி கரையில் வெளிறிப்போய் நின்றார். "சார், அத்தைகிட்டச் சொல்லுங்க. பிள்ள பொறந்ததுலருந்து எஞ்சினத் தொடவே இல்ல. வாத்து மட்டுந்தான் ஓடுது."

"தொடாம எப்பிடிண்ணே எறாலு சாகும்? தன்னால சாகுமா?" என்றது கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

அதே நேரத்தில் என் மேலதிகாரி கைப்பேசியில் அழைத்தார். செய்தி அவருக்கு என்னைவிட விரைவாக எட்டியிருந்தது. "படகுகளை உடனே அப்புறப்படுத்திவிடுங்கள். நடவடிக்கை எடுத்ததாக இருக்கட்டும். நீர் மாதிரியை ஆய்வுக்கு அனுப்புங்கள்," என்றார். ஆய்வின் முடிவு வருவதற்குள் அணையில் ஆய்வு செய்ய எதுவும் எஞ்சியிராது என்பதை நான் அறிவேன். கூட்டமும் அதனையே கேட்கிறது. மேலிடமும் அதனையே சொல்கிறது. இளைய தோழர்களே, இரு திசையிலிருந்தும் ஒரே சொல் வரும்போது அதற்கு இணங்குவதைவிட எளிய செயல் உலகில் இல்லை. நான் சிறிது நேரம் தருமாறு வேண்டினேன். "என்ன செய்யப் போகிறீர்?" என்று கேட்டார். அப்போது எனக்கே தெரியாது என்பதால், "பார்க்கப் போகிறேன், ஐயா" என்றேன்.

என்ன பார்ப்பது என்பதை மட்டும் அறிந்திருந்தேன். நான் பணியில் சேர்ந்த புதிதில் எனக்கு மேலிருந்த ஆய்வாளர் ஒருவர், குளத்தில் மீன் சாகிறது என்று ஓடினால் என் தோளைப் பற்றி நிறுத்துவார். செத்தவற்றை எண்ணிக்கொண்டிருக்காதே, எவை பிழைத்திருக்கின்றன, எங்கே பிழைத்திருக்கின்றன என்று பார் என்பார். அவர் அதிகம் பேசாதவர். அதனால்தான் இது என் நினைவில் நின்றது.

பிழைத்தவற்றைத் தேடினேன். மூலையில் கெண்டைகள் நலமாகத் திரிந்தன. நீர்மேல் ஓடும் பூச்சிகள் ஒன்றுகூட இல்லை. இறந்தவை நாணல் வேரில் ஒதுங்கிக் கிடந்தன. மீனை விட்டுவிட்டு இறாலையும் பூச்சியையும் மட்டும் எந்த எண்ணெயும் தேர்ந்தெடுத்துக் கொல்லாது. அப்படித் தேர்ந்து கொல்வதற்கென்றே மனிதன் செய்தது ஒன்று உண்டு, அது பூச்சிமருந்து.

பிறகு பாறைத் திட்டின்மேல் ஏறிப் பேச்சியம்மாள் அருகே குனிந்து, அவர் அறுக்கவிருந்த கயிற்றை நீருக்குள் நோக்கினேன்.

"அம்மா, அரிவாளைக் கீழே வைத்துவிட்டு இங்கே பாருங்கள்," என்றேன்.

கயிறு முழுவதும் இறால்கள். கொத்துக்கொத்தாகப் பற்றிக்கொண்டிருந்தன. படகின் அடிப்பக்கத்திலும், நங்கூரச் சங்கிலியிலும், பாறையின் வெடிப்பிலும் நீலக் கொடுக்குகள் அசைந்தன. நாணல் மூலையிலிருந்து தப்பியவையெல்லாம் எந்தப் படகுகளை அவர் பழித்தாரோ அந்தப் படகுகளிடமே அடைக்கலம் புகுந்திருந்தன. டீசல் கசிந்திருந்தால் அங்கு ஓர் உயிரும் தங்கியிராது. கயிற்றை அறுத்திருந்தால் எல்லாம் நஞ்சுக்கே திரும்பியிருக்கும். மேலதிகாரி சொன்னபடி படகுகளைக் கிளப்பியிருந்தாலும் அதுவே நேர்ந்திருக்கும்.

பேச்சியம்மாள் நெடுநேரம் உற்றுப் பார்த்தார். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்ப எதுலருந்து சார் வருது?"

ஓடை வாய்க்கருகே நீருக்கு மேலே தட்டைக் கட்டுகளின் நுனிகள் தெரிந்தன. பழைய கட்டுகள் பழுப்பு; அவற்றின் நடுவே சில மட்டும் பச்சை. ஒரு நுனியைத் துரட்டியால் இழுத்து முகர்ந்தேன். ஏலத்தோட்டத்தில் மருந்தடித்த மறுநாள் வீசும் அதே வாடை. மழையில் கழுவப்படாத, வெட்டிய கையோடு கொண்டுவந்த தட்டை அது. ஒரு மழைக்காலம் கிடக்கவிடும் வழக்கத்தின் மறுபாதி இப்போது விளங்கியிருக்கும்: நாற்றம் மட்டுமன்று, நஞ்சும் அந்த மழையில்தான் போயிற்று.

"நான் இந்த வருசம் தட்டையே போடல சார்," என்றார் பேச்சியம்மாள். "பேத்தியக் குளிப்பாட்டவே நேரம் பத்தல. யாரு போட்டா?"

என் பார்வை தங்கப்பாண்டியின்மேல் விழுந்தது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு விளங்கிற்று. ஆனால் நான் வினவவில்லை. யார் என்பதைப் பொறுமையாகத் தெரிந்துகொள்ளலாம்; அந்தக் கட்டுகள் நீரிலிருந்து வெளியேறுவதற்குத்தான் பொறுமை இல்லை.

நஞ்சு கலந்த நீரில் ஆட்களை இறக்க நான் ஒப்பவில்லை. பரிசல்கள் தார் பூசக் கரையில் கவிழ்க்கப்பட்டிருந்தன. பொறிப்படகுகளை அசைத்தால் இறால் சிதறும். எஞ்சியவை அன்னங்கள்தாம். கரையோரம் கட்டியிருந்த அவற்றை நாணலில் சிக்காமல் ஓட்டத் தங்கப்பாண்டிக்கும் அவர் ஆட்களுக்கும்தான் தெரியும். பழைய கட்டுகளைக் குலைக்காமல் பச்சையை மட்டும் துரட்டியால் இழுக்க மீனவர்களுக்குத்தான் தெரியும். ஆகவே ஓர் அன்னத்துக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர், கையில் ஒரு துரட்டி என்று ஆணையிட்டேன். அதுவரை வாத்து என்று நகைத்தவர்கள் முழங்காலை மடக்கி அதற்குள் அமர்ந்தார்கள். அன்னங்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டன. கடைசி அன்னமும், தங்கப்பாண்டியும், பேச்சியம்மாளும் எஞ்சினார்கள்.

"சார்," என்றார் பேச்சியம்மாள் தாழ்ந்த குரலில், "அவுக பக்கத்துல நான் எப்பிடி உக்காருறது?"

"ஓடை வாயில் பழைய கட்டுகளைக் குலைக்காமல் பச்சையை இழுக்க உங்களைத் தவிர வேறு யாருக்கம்மா தெரியும்?"

அவர் சேலையை இழுத்துச் செருகினார். அன்னத்தில் ஏறி, முகத்தை மலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். தங்கப்பாண்டி மறுபக்கம் ஏறி, முகத்தைப் போடிப் பக்கம் திருப்பிக்கொண்டார். இருவரும் இரு திசை நோக்க, ஒருவர் மிதிக்க, மற்றவர் மிதிக்காமலிருக்க, அன்னம் இருந்த இடத்திலேயே வட்டமிட்டது. வட்டம் பெரிதாகிப் பாறையை நோக்கிப் போயிற்று. நடுவராக நான் கூவிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எதிர்க்காற்றில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அப்போதுதான் அந்தக் குரல் எழுந்தது.

"மாப்ளே, வலப்பக்கம் ஒடிங்க. பாறை."

கரையில் நின்ற பெண்கள் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். தங்கப்பாண்டி திகைத்துத் திரும்பி அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

"என் மொகத்துல என்ன இருக்கு? அங்கிட்டுப் பாத்து ஒடிங்க. அப்பிடித்தான். இப்ப மெதிங்க. வெரசா. போதும், நிறுத்துங்க. நிறுத்தச் சொன்னா மெதிக்கிறீகளே மாப்ளே."

"நீங்களும் மெதிச்சாத்தான அத்தை நேராப் போகும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

அன்னம் நேராகச் சென்றது. ஓடை வாயில் பேச்சியம்மாள் துரட்டியை வீசி முதற் கட்டைத் தூக்கினார். தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தக் கட்டில் இருந்த முடிச்சு மீனவர் போடும் முடிச்சன்று; ஜீப்புக் கூரையில் லோடு ஏற்றுபவர் போடும் முடிச்சு. கரையிலிருந்து எனக்கு முடிச்சுத் தெரியவில்லை. இருவர் கால்களும் நின்றதும், தங்கப்பாண்டி கைகளை அசைத்து அசைத்து ஏதோ நெடுநேரம் சொன்னதும் தெரிந்தன. பேச்சியம்மாளின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று அஞ்சினேன். காற்று சற்றுத் தணிந்தபோது சிரிப்பொலி வந்தது.

தங்கப்பாண்டி என்ன சொன்னார் என்பதைப் பின்னர் பேச்சியம்மாளே எனக்குச் சொன்னார். பேத்தி பிறந்த மகிழ்ச்சியில், அத்தையின் சோலியைக் குறைக்க வேண்டும் என்று, பழைய ஜீப்புக் கூட்டாளியிடம் சொல்லி, கவாத்து நடந்த ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து தட்டையை இறக்கி, வியப்பில் ஆழ்த்தலாம் என எவருக்கும் சொல்லாமல் முந்தின நாள் தாமே அமிழ்த்தியிருக்கிறார். சரண்யாவிடம் சொல்லியிருந்தால் அவள் தாயிடம் சொல்லியிருப்பாள். என்னிடம் சொல்லியிருந்தால் நான் தடுத்திருப்பேன். நேரே அத்தையிடம் சொல்லவோ வழக்கம் இடந்தரவில்லை.

"அதற்கு நீங்கள் என்னம்மா சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"என் சோலியக் கொறைக்கணும்னு நெனச்சீக, நல்லாத்தான் கொறைச்சிருக்கீக, இனி பிடிக்கிற சோலியே இல்லாமன்னு சொன்னேன். அவுக மொகம் போன போக்கப் பாத்து எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கூடை நெறையப் பாசத்தக் கொண்டாந்து கொட்டுற ஆளுகிட்ட எப்பிடி சார் கோவிக்கிறது?"

அன்று நண்பகலுக்குள் பச்சைத் தட்டை முழுவதும் அன்னங்களின் பின்னே கட்டி இழுக்கப்பட்டுக் கரைசேர்ந்தது. தொலைவில் குழி தோண்டிப் புதைத்தோம். ஓடைநீர் தடையின்றி உள்ளே வர வழியை அகலப்படுத்தினோம். மேலதிகாரி மீண்டும் அழைத்து, "படகுகளை அப்புறப்படுத்தியாயிற்றா?" என்றார். "இல்லை ஐயா, பணியில் இருக்கின்றன" என்றேன். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின் அவர் வினவியது ஒன்றே: "அன்னத்திலா?"

நஞ்சிருக்கிறதா இல்லையா என்று ஆய்வுக்கூடம் சொல்லும்வரை ஓர் இறாலும் கரையேறக் கூடாது என்று தடுத்தேன். அறுவடைக்குக் காத்திருந்த கூட்டுறவினர்க்கு அது கசந்தது. பேச்சியம்மாளுக்கு மிகவும் கசந்தது. உண்பவர் வீட்டுச் சோற்றுத்தட்டுவரை நம் பொறுப்பு நீள்கிறது என்று விளக்கினேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். நான் அணைக்குப் போனால், என் முன்னாலேயே நின்றுகொண்டு மருமகனிடம் சொல்வார்: "மாப்ளே, சார்கிட்டச் சொல்லுங்க, எறாலுக்கு வயசாயி நரை விழுந்துரும்போலருக்குன்னு." தங்கப்பாண்டி என்னிடம் திரும்பி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, சொல் பிசகாமல் ஒப்பிப்பார்.

உங்கள் வினாவுக்கு வருகிறேன். யார் பக்கம் நிற்பது என்று கேட்டீர்கள். படகுக்கும் இறாலுக்கும் இடையே நான் பாறைத் திட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். அது நல்ல தீர்ப்பு என்று ஓராண்டு நம்பியிருந்தேன். இடம் பிரிந்தது, மனிதர் பேசவில்லை. ஒரு நீரைப் பகிர்ந்துகொள்வோர் அந்த நீரில் எதனை இடுகிறோம் என்பதை ஒருவர்க்கொருவர் தம் வாயால் சொல்லாவிட்டால், எல்லைக்கோடு எவ்வளவு நேராக இருந்தும் பயனில்லை. அந்த ஆனிக்குப் பிறகு மேலணையில் நான் விதித்த புது விதி ஒன்றுதான்: கயிறோ, தட்டையோ, கல்லோ, எதனை நீரில் இறக்கினாலும் மறுதரப்பின் முன்னிலையில், அவர் முகம் பார்த்துச் சொல்லிவிட்டே இறக்க வேண்டும். கழிமுகத்திலும் இதனை முயன்று பாருங்கள். படகுக்காரர் மட்டிப் படுகையைக் கால் நனைத்துப் பார்க்கட்டும். மட்டி அள்ளுவோர் ஒருநாள் அந்த உல்லாசப் படகில் ஏறிப் பார்க்கட்டும். உங்கள் ஊரில் அன்னப்படகு இல்லையெனில், இரண்டு பேர் சேர்ந்து மிதித்தாலன்றி நகராத ஏதேனும் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

ஆய்வுக்கூட முடிவு நல்லபடியாக வந்தது. அறுவடை நாளன்று நான் அணைக்குப் போனேன். முந்தைய ஆண்டளவு இல்லையெனினும், கூட்டுறவின் எந்த வீட்டிலும் முகம் வாடாத அளவுக்கு இறால் இருந்தது. பாறைத் திட்டைச் சுற்றி வலையை வளைத்திருந்தார்கள். சரண்யா குழந்தையோடு கரையில் குடைநிழலில் அமர்ந்திருந்தாள். வலையின் ஒரு முனையைப் பேச்சியம்மாளும் மறுமுனையைத் தங்கப்பாண்டியும் பிடித்திருந்தார்கள். யார் முந்தி இழுப்பது என்பதில் ஓயாத வாக்குவாதம்.

"மெதுவா இழுங்க மாப்ளே, ஜீப்பு கியரு இல்ல அது."

"நீங்க விட்டாத்தான அத்தை நான் இழுக்க."

பழக்கத்தினால் நான் போய் இருவருக்கும் நடுவே நின்றேன். ஒரு பக்கத்துச் சொல்லை மறுபக்கம் கொண்டுசேர்க்கக் கழுத்தைக்கூடத் திருப்பிவிட்டேன்.

பேச்சியம்மாள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து மருமகனிடம் சொன்னார்:

"மாப்ளே, சாரக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க. மறைக்குது."